பசை காயும் வரை

மார்ச் 4

இடது அவர்களுக்கு,

வலது எழுதுவது.

உங்களை எப்படி அழைப்பது என்று பத்து நிமிடம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினான்கு வருடங்களுக்கு முன்னால் முதல் நாள் ரெக்கார்டிங்கில் என்னை ‘அண்ணா’ என்றீர்கள், நானும் ‘தங்கச்சி’ என்றேன். பிறகு என் மகளை உங்கள் மகனுக்குக் கொடுத்துச் சம்பந்தி ஆனோம். பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து எட்டு மாதம் ஆகிறது. ‘முன்னாள் சம்பந்தி’ என்று எழுதினால் முன்னாள் மந்திரிக்கு மனு போடுவது போல இருக்கிறது. அதனால் டிவி பார்க்கிறவர்கள் நம்மை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

‘இனி உங்களோடு பேசமாட்டேன்’ என்று நான் சொன்னது வாயால்தான். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. தவிர, இது தொழில் விஷயம்.

நீங்கள் மகனோடு வேறு ஊருக்குப் போனதிலிருந்து, அங்கே நீங்கள் முதலில் பேசி, என் வசனங்களுக்கு மட்டும் சும்மா இடம் விட்டு, சிடியை சேனல் ஆபீஸின் தபால் பையில் போட்டு அனுப்புகிறீர்கள். நான் இங்கே ஹெட்போனில் உங்களைக் கேட்டுக்கொண்டே அந்த இடங்களில் பேசுகிறேன். ஆரம்பத்தில் நீங்கள் விட்ட இடமும் என் வசனமும் தைத்து வைத்தாற்போலப் பொருந்தின. நம் சவுண்டு இன்ஜினியர் ‘சைலன்ஸ்’கூட, “ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உட்கார்ந்து பேசின மாதிரியே இருக்கு சார்” என்றார். அவர் வாயிலிருந்து ‘சைலன்ஸ்’ தவிர வேறு வார்த்தை வந்ததே பெரிய விஷயம்.

கடைசி ஐந்து எபிசோடுகளாக அந்த இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. போன வாரத்து வசனம் நினைவிருக்கும்: “நாம ரிப்பேருக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. இத்தனை வருஷமா அந்த மனுஷன் வெறுங்காலோடயா நடப்பான்? எப்பவோ வேற ஜோடி வாங்கியிருப்பான்.” இதை நான் சொல்ல ஒன்பது செகண்டு வேண்டும். அது உங்களுக்கும் தெரியும். நீங்கள் விட்டது ஆறு.

எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்தவர் நேற்று என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். “டிவியில ஒரு ஷூவுக்குக் குரல் குடுக்கறேன். ரிப்பேர் கடை அலமாரியில யாரும் வாங்கிட்டுப் போகாத ஒரு ஜோடி. இடது, ‘நாளைக்கு வருவார்’னு சொல்லும். வலது நான், ‘வந்தா பார்ப்போம்’னு சொல்லுவேன். அவ்வளவுதான் கதை” என்றேன். “குழந்தைங்க பார்க்கறதா?” என்றார். “குழந்தைங்களுக்குப் புரியாது. பெரியவங்கதான் குழந்தைங்களைச் சாக்கு வெச்சுப் பார்க்கறாங்க” என்றேன். அப்படிப்பட்ட ஒரு ஷூ அவசரப்பட்டுப் பேசக்கூடாது. அதற்கு அவசரமே கிடையாது. தயவுசெய்து பழைய அளவுக்கே இடம் விடவும்.

இப்படிக்கு,
வலது


மார்ச் 12

வலது அவர்களுக்கு,

புகார் கிடைத்தது. முத்திரை குத்தி அனுப்பியிருந்தால் கோர்ட்டு நோட்டீஸ் என்றே நினைத்திருப்பேன்.

நான் எங்கே பேசுகிறேன் என்று தெரியுமா உங்களுக்கு? ஒரு விளம்பரக் கம்பெனிக்குப் பின்னால் ஒரு அறை. சுவரெல்லாம் பழைய மெத்தைகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்திவிட்டு, கடிகாரத்திலிருந்து பேட்டரியையும் கழற்றிவிடுவார்கள். எத்தனை செகண்டு ஆனது என்று நான் எதைப் பார்த்துச் சொல்வது? வியர்வை வழிவதைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். ஆறு செகண்டில் பேச வரவில்லை என்றால் வயதாகிவிட்டது என்று ஒப்புக்கொள்ளுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தொழில் விஷயம் என்கிறீர்கள். சரி, நானும் தொழில் விஷயமே பேசுகிறேன். போன ஜனவரியில் இங்கே வந்து, என் வீட்டு ஹாலில் நின்றுகொண்டு, என் மகனைக் காட்டி, “உங்க பையன் வாயை மட்டும்தான் அசைக்கிறான், டப்பிங் பேசறது நீங்க” என்றீர்களே, அதுவும் தொழில் விஷயம்தான். இருபது வருடம் மைக் முன்னால் நின்றவர் என்பதால் எங்கே அடித்தால் வலிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. என் மகன் குறைவாகப் பேசுகிறவன். அது ஒரு குற்றமா? வீட்டில் ஒருத்தராவது வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டாமா?

இதில் கூத்து என்னவென்றால், பிரிந்துபோன இரண்டு பேரும் வாராவாரம் போனில் பேசிக்கொள்கிறார்கள். நேற்று உங்கள் மகள் என் மகனுக்கு வாஷிங் மெஷினை எப்படிச் சரிபண்ணுவது என்று அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்தாள். அவன் சிரிக்கக்கூடச் செய்தான். நாம்தான் இங்கே கடிதத்தில் கட்டிப் புரண்டுகொண்டிருக்கிறோம்.

இந்த வீட்டு போன் நம்பர் எப்படியோ வெளியே போய்விட்டது. எடுத்தால் பாதி நேரம் யாராவது ரசிகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, உங்கள் குரலில், “வந்தா பார்ப்போம்” என்கிறார்கள். எல்லோரும் நன்றாகத்தான் பேசுகிறார்கள். நான்தான் எரிச்சலில் வைத்துவிடுகிறேன்.

இடது


மார்ச் 21

இடது அவர்களுக்கு,

நேற்று வந்த சிடியில் ஐந்தரை செகண்டு.

சைலன்ஸிடம் சொன்னால் கம்ப்யூட்டரில் அந்த இடத்தை இழுத்து நீட்டிவிடுவார். ஒரு நிமிட வேலை. அவரே கேட்டார். வேண்டாம் என்றேன். கொடுத்த இடத்துக்குள் பேசத் தெரியாதவன் என்று இந்த வயதில் பெயர் வாங்க நான் தயாராக இல்லை. ஒரே மூச்சில் பேசி முடித்தேன்.

சனிக்கிழமை எபிசோடு முடிந்ததும் நீங்கள் மூன்று முறை போன் செய்ததாக மகள் சொன்னாள். என் குரலே இனிமேல் உங்கள் காதில் விழக்கூடாது என்று சொன்னவர் நீங்கள். வாசல்வரை வந்து சொன்னீர்கள். அதனால் நான் போனை எடுப்பதாக இல்லை.

குரல் கரகரப்பாக இருக்கிறது என்று கேட்கவா கூப்பிட்டீர்கள்? சளி. ஒரு ரசிகர், ‘வலது இப்போதுதான் நிஜமான பழைய ஷூ போலப் பேசுகிறது’ என்று பாராட்டி எழுதியிருக்கிறார். ஆக, எல்லாம் நன்மைக்கே.

வலது


ஏப்ரல் 9

வலது அவர்களுக்கு,

சண்டையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள். சண்டை எங்கேயும் ஓடிவிடாது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து இருபதுக்கு வழக்கம்போல டிவி முன்னால் உட்கார்ந்தேன். அந்தப் பெரிய வசனத்தில், ‘வெறுங்காலோடயா’ என்ற வார்த்தைக்கு முன்னால் நீங்கள் மூச்சு வாங்கினீர்கள். பதினான்கு வருடத்தில் நீங்கள் அந்த மாதிரி இடத்தில் மூச்சு வாங்கிக் கேட்டதில்லை. பார்த்த வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் மூன்று முறை கூப்பிட்டேன்.

இன்றைக்கு ஆபீஸ் பையில் ஒரு சிடி வந்தது. மேலே ‘வலது – மாற்று 1, 2, 3’ என்று எழுதியிருக்கிறது. கூடவே டைரக்டரம்மாவின் சீட்டு: ‘உங்களுக்கு யாரோடு ஒத்துவரும் என்று சொல்லுங்கள்.’ மூன்று பேரும் உங்களைப் போலவே பேசுகிறார்கள். இரண்டாவது ஆள் இருக்கிறானே, அச்சு அசல் நீங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து கால் ஆட்டுகிற மாதிரியே இருக்கிறது. ஆனால் அவனுக்கு எங்கே மூச்சு விடுவது என்று தெரியவில்லை. உங்கள் குரலைக் கற்றுக்கொண்டிருக்கிறான், அதற்குமேல் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் மகன் வந்ததும் கேட்டேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே, “அவருக்குத் தொண்டையில ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சும்மா” என்றான். “உனக்கு எப்படிடா தெரியும்?” “அவ சொன்னா.” “என்கிட்ட ஏண்டா சொல்லல?” “அவர் பேச்சையே வீட்ல எடுக்கக்கூடாதுன்னு நீதானே சொன்னே.” வளர்ப்பு அப்படி.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். நான் அளந்துதான் சுருக்கினேன். வியர்வை, கடிகாரம், பேட்டரி எல்லாம் கதை. உங்கள் வசனம் வரும்போதெல்லாம் மனசுக்குள் நானே அதைச் சொல்லிப்பார்த்து, அந்த நேரம் இடம் விட்டுத்தான் எப்போதும் பேசுவேன். அதனால்தான் அது அப்படிப் பொருந்தியது. அந்த ஹாலில் நீங்கள் பேசிய பேச்சுக்குப் பிறகு உங்கள் வசனத்தை மனசுக்குள் சொல்லக்கூடப் பிடிக்கவில்லை. பாதியிலேயே வெட்டிவிட்டு என் வசனத்துக்குப் போய்விட்டேன். உங்களை எதிரில் வைத்துத் திட்ட முடியாத கோபத்தை அந்த மூன்று செகண்டில் காட்டினேன். நீங்கள் சைலன்ஸிடம் சொல்லி நீட்டிக்கொள்வீர்கள் என்றுதான் நினைத்தேன். இப்படி ஒரே மூச்சில் பேசித் தொலைப்பீர்கள் என்று நினைக்கவில்லை.

உங்கள் குரல் என் காதில் விழக்கூடாது என்று வேறு சொன்னேன். என் நாக்கில் சனி இருந்திருக்கிறது. நான்தான் உங்கள் தொண்டையைக் கெடுத்தேனா என்று மட்டும் சொல்லுங்கள். ஆமாம் என்றாலும் பரவாயில்லை, தெரிந்துகொண்டால் போதும்.

இடது


ஏப்ரல் 17

இடது அவர்களுக்கு,

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். இல்லை. உங்கள் சாபமும் இல்லை, ஆறு செகண்டும் இல்லை. குரல்நாணில் கடுகளவு ஒரு கட்டி. பல வருடங்களாக மெல்ல வளர்ந்திருக்கிறது. டாக்டர் என் தொழிலைக் கேட்டுவிட்டு, “பதினாலு வருஷம் பழைய ஷூ மாதிரி பேசினா தொண்டையும் பழைய ஷூ மாதிரிதானே சார் ஆகும்?” என்றார். அவர் வீட்டிலும் பார்க்கிறார்களாம். நீங்கள் சுருக்கியது எனக்கு எரிச்சல் தந்தது, வியாதி தரவில்லை. அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிடுங்கள்.

மார்ச் மாதமே டாக்டர் பேசாதீர்கள் என்று சொல்லிவிட்டார். ஸ்டுடியோவுக்கு மட்டும் திருட்டுத்தனமாகப் போய்வந்தேன். போனை எடுக்காததற்குக் காரணம் கோபம் என்று உங்களுக்கு எழுதினேன். கோபம் என்று சொல்லிக்கொள்வது வசதியாக இருந்தது. குரல் போகிறது என்று சொல்ல வாய் வரவில்லை, கையும் வரவில்லை.

ஏப்ரல் 2ஆம் தேதி கட்டியை எடுத்தார்கள். ஆறு வாரம் ஒரு சொல் பேசக்கூடாது. “கிசுகிசுன்னு பேசலாமா?” என்று எழுதிக் காட்டினேன். அது இன்னும் மோசமாம். குழந்தைகள் எழுதி அழிக்கும் பிளாஸ்டிக் சிலேட்டு ஒன்றை மகள் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறேன். என் வீட்டுக்காரி, “முப்பது வருஷத்துல இப்பத்தான் ஆரம்பிச்ச வாக்கியத்தை நானே முடிக்கிறேன்” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முகத்தில் ஒரு தெளிச்சிகூடத் தெரிகிறது.

விஷயம் அதுவல்ல. ஆறு வாரம் கழித்துக் குரல் வரும், ஆனால் இதே குரல் வரும் என்று சொல்லமுடியாது என்கிறார் டாக்டர். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் எழுதிக் காட்டவில்லை. என் முகம் யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் இடம் கேட்டால் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால்தான், “அய்யோ சார், நீங்களா!” என்பார்கள். அந்த ஒன்றும் போய்விட்டால் நான் சிலேட்டு மாட்டிய ஒரு கிழவன்.

டைரக்டரம்மா மாற்று ஆள் தேடியதில் தவறில்லை. நான்தான் தேடச் சொன்னேன். பேசி வைத்திருப்பது இந்த மாதக் கடைசிவரைதான் வரும். நீங்கள் சொன்ன அந்த இரண்டாம் நம்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு விடுவதை நீங்களே கற்றுக்கொடுத்துவிடலாம்.

வலது


ஏப்ரல் 25

வலது அவர்களுக்கு,

இரண்டாம் நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தாராளமாக எழுதிவிட்டீர்கள். உங்கள் சொத்தா, எழுதிக் கொடுக்க? பாதி என்னுடையது.

டைரக்டரம்மாவிடம் இரண்டு மணி நேரம் போனில் பேசினேன். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “நம்ம வலதுக்கு வாய் எதும்மா? முன்பக்கம் அடித்தோல் பிளந்து தொங்குதே, அதுதானே? பதினாலு வருஷமா ரிப்பேர் கடையில கிடக்குது. கடைக்காரர் ஒருநாளாவது அதை ஒட்டமாட்டாரா?” அந்தப் பக்கம் பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது.

கதை இதுதான். கடைக்காரர் ஒரு நாள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். வலதை எடுத்து, பிளந்த இடத்தில் பசை தடவி, சுற்றிலும் சணல் கயிறு கட்டி, “பசை காயற வரைக்கும் வாயைத் திறக்காதே” என்று சொல்லி அலமாரியில் வைக்கிறார். அதற்குப் பிறகு ஆறு எபிசோடு இடது மட்டும்தான் பேசும். வலது கேட்டுக்கொண்டிருக்கும்.

சேனல்காரர், “ஆறு வாரம் ஒரு ஷூ பேசாம இருந்தா யாருங்க பார்ப்பாங்க?” என்றாராம். “இத்தனை வருஷமா என்ன நடந்துச்சுன்னு பார்த்தாங்க?” என்று கேட்டிருக்கிறார் டைரக்டரம்மா. சேனல்காரர் சம்மதித்துவிட்டார். ஆனால் ஏழாவது எபிசோடில் கயிற்றை அவிழ்த்தே ஆகவேண்டும். அன்றைக்கு உங்களால் முடியவில்லை என்றால் இரண்டாம் நம்பர்தான். நானும் அவனோடு பேசத்தான் வேண்டியிருக்கும். இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனசில்லை.

நேற்று முதல் எபிசோடு பேசிவிட்டேன். வலதுக்கு வசனம் இல்லை, ஆனாலும் இடம் விட்டேன். நான் ஏதாவது கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாதா? அதை மனசுக்குள் முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வசனத்துக்குப் போனேன். ஒன்பது செகண்டு என்றால் ஒன்பது. இங்கே மைக் பார்த்துக்கொள்கிறவர், “என்னம்மா, வசனம் மறந்துபோச்சா?” என்று கேட்டார். “இல்லப்பா, அவர் இன்னும் முடிக்கல” என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

சிலேட்டைத் தொலைத்துவிடாதீர்கள். ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். தூக்கத்தில் உளறுகிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

இடது


ஜூன் 3

தங்கச்சிக்கு,

இன்றைக்குப் பேசினேன்.

டாக்டர் முன்னால் முதலில் ‘அ’ என்று சொல்லச் சொன்னபோது, பின்னால் யாரோ வேறு ஆள் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். இரண்டு வாரம் பயிற்சி செய்தும் அதே ஆள்தான் வருகிறார். கரகரப்பு போய்விட்டது. அடித்தொண்டை உறுமலும் போய்விட்டது. மெலிந்த, வயதான, கொஞ்சம் கூச்சப்படுகிற ஒரு குரல். வீட்டில் முதல்முறை கேட்டதும் மகள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். என் வீட்டுக்காரி மட்டும், “கல்யாணமான புதுசுல இப்படித்தான் பேசுவீங்க” என்றாள். எனக்கே அது நினைவில்லை.

ஸ்டுடியோவில் ஹெட்போனை மாட்டினேன். கடைக்காரர் கயிற்றை வெட்டுகிற சத்தம். பிறகு நீங்கள்: “காஞ்சிடுச்சா? ஏதாவது சொல்லுங்களேன். நாளைக்கு வருவார்தானே?” அதற்குப் பிறகு என் இடம். ஸ்கிரிப்டில் எனக்கு இருந்தது ‘வந்தா பார்ப்போம்’ மட்டும்தான். மூன்று செகண்டு போதும். நீங்கள் பதினோரு செகண்டு விட்டிருந்தீர்கள்.

சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் இடம் மிச்சமிருந்தது. அதில் என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன். சைலன்ஸ், “மிச்சத்தை வெட்டிடவா?” என்று கேட்டார். டைரக்டரம்மா தலையாட்டி மறுத்துவிட்டார். சேனல்காரரும் வந்திருந்தார். கேட்டுவிட்டு, “புது ஆளா?” என்றார். “ஆள் பழசுதான், பசைதான் புதுசு” என்றார் டைரக்டரம்மா. சேனல்காரர் மறுபடி ஒருமுறை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். 14ஆம் தேதி ஒளிபரப்பு.

பேசாமல் இருந்த வாரங்களில் யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. உங்கள் மகனை நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. சேர்ந்ததும் பிரிந்ததும் பிள்ளைகள் இரண்டு பேருடைய விஷயம். நடுவில் புகுந்து நாம்தான் டப்பிங் பேசினோம், அதுவும் வாயசைவுக்குக் கொஞ்சமும் ஒட்டாமல். அவனிடம் நேரில் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் வீட்டுக்கு போன் செய்கிறேன். அதற்குள் இந்தக் கடிதம் வந்துவிடும். குரல் உங்களுக்குப் புதிதாக இருக்கும். வைத்துவிடாதீர்கள். உண்மையைச் சொன்னால், சேனல்காரர் சரி என்றது எனக்குப் பெரிதில்லை. நீங்கள் கேட்டுவிட்டு நான்தான் என்று சொல்லவேண்டும். அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

அண்ணன்


ஜூன் 10

அண்ணா,

உங்கள் கடிதம் இன்று காலைதான் வந்தது. ஆபீஸ் பை வழியில் எங்கோ நாலு நாள் படுத்துக் கிடந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு போன் வந்தது. எடுத்தேன். மெலிதாக ஒரு குரல், “இடதுதானே பேசறது?” என்றது. யாரோ தயங்கித் தயங்கிப் பேசுகிறார் என்று பட்டது. அப்புறம், “வந்தா பார்ப்போம்” என்றது.

நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நானே என் கையால் எழுதுகிறேன். “நல்லா முயற்சி பண்றீங்கப்பா. ஆனா அவர் குரல் இது இல்ல. அவரே உடம்பு சரியில்லாம இருக்கார், இந்த நேரத்துல அவரை வெச்சு விளையாடாதீங்க” என்றேன். நீங்கள், “சரிங்க” என்றீர்கள். உங்களுக்காக உங்களையே திட்டியிருக்கிறேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தை உலகத்தில் வேறு யாராவது செய்திருப்பார்களா?

ஆனால் ஒன்று, அண்ணா. நீங்கள் ரிசீவரை வைப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு கேட்டது. வைத்த பிறகும் அது என்னை விடவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, எங்கே கேட்ட மூச்சு இது என்று இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். குரலை அடையாளம் தெரியாத இந்தக் காதுக்கு மூச்சு தெரிந்திருக்கிறது. அந்த நேரத்தில் அதை நம்பாமல் போனேன். அழுதுகொண்டேதான் இதை எழுதுகிறேன்.

கடிதத்தைப் படித்த கையோடு உங்கள் வீட்டுக்கு போன் செய்தேன். உங்கள் மகள் எடுத்தாள். “அப்பா ஞாயித்துக்கிழமையிலிருந்து பேசறதே இல்ல அத்தை. மறுபடி சிலேட்டை மாட்டிக்கிட்டார். ரெண்டாம் நம்பரையே கூப்பிடச் சொல்லி டைரக்டர் மேடத்துக்கு எழுதி வெச்சிருக்கார், இன்னும் அனுப்பல” என்றாள். பிரிந்து பதினோரு மாதம் ஆன பிறகும் அவள் என்னை அத்தை என்றுதான் கூப்பிட்டாள். உங்களைக் கூப்பிடச் சொன்னேன். வரமாட்டேன் என்று எழுதிக் காட்டினீர்களாம்.

அதனால் இந்தக் கடிதத்தை அந்தப் பையை நம்பி அனுப்பவில்லை. என் மகன் லீவு போட்டுவிட்டு அவனே கொண்டுவருகிறான். நான் கேட்கவே இல்லை. டிக்கெட் எடுத்துவிட்டு வந்துதான் சொன்னான். கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்பான், அவன் சுபாவம் அது. நீங்கள் கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுங்கள். நான் எதுவும் சொல்லி அனுப்பவில்லை, அவன் என்ன பதில் சொன்னாலும் அது அவனுடையதுதான்.

டைரக்டரம்மாவுக்கு எழுதி வைத்ததைக் கிழித்துப் போடுங்கள். பிறகு சிலேட்டைக் கழற்றி வைத்துவிட்டு எனக்கு ஒரு போன் செய்யுங்கள். நாள், நேரம் எதுவும் சொல்லவேண்டாம். நான் எடுப்பேன். ஹலோகூடச் சொல்லமாட்டேன். பேசவேண்டும் என்று தோன்றுகிறவரை நீங்களும் பேசவேண்டாம். எத்தனை செகண்டு ஆனாலும் உங்கள் இடத்தை விட்டு வைத்திருப்பேன். அந்தப் பக்கம் மூச்சு கேட்டால் போதும், நீங்கள்தான் என்று நான் சொல்லிவிடுவேன்.

தங்கச்சி